பழசைக் கொண்டா

ஸ்டோர்ஸம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓசூரில் இருக்கும் மகனிடம் போய் நாலு வருஷம் ஆகிறது. போன ஆளைப் பற்றி நல்லதாகவே பேசுவது எங்கள் லைனில் ஒரு வியாதி. "கேட்டவங்களுக்கெல்லாம் மீனு குடுத்த மகராசி" என்று இப்போது சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் தீப்பெட்டிக்குள் செத்த மீனை வைத்துக்கொண்டு அந்த வாசலில் காத்துக் கிடந்தவர்கள். நானும் கிடந்திருக்கிறேன். அதனால்தான் அந்த மகராசிப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவரை 'அவர்' என்று எழுதவே என் கை முரண்டு பிடிக்கிறது. வயதில் மூத்தவர், எழுதித் தொலைக்கிறேன். என்னிடமிருந்து அவருக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

இங்கே கோலார் தங்கவயலில் பெரிய பெரிய மெஷின் செய்யும் ஃபேக்டரியில் அவருக்கு ஸ்டோர்ஸில் வேலை. ஸ்பானர், பல்பு, கையுறை எல்லாம் அடுக்கி வைத்த ஒரு நீளமான அறை. முன்னால் ஒரு சின்ன ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் இவர். புதுசு வேண்டுமென்றால் தேய்ந்துபோன பழசை ஜன்னல் வழியாக உள்ளே தள்ள வேண்டும். ஸ்டோர்ஸ் என்றாலே அப்படித்தான், அதில் தப்பு சொல்ல மாட்டேன். என் சித்தப்பா அங்கே காண்ட்ராக்டில் இருந்தார். ஒரு நாள் அவருடைய இடது கையுறை கிழிந்துவிட்டது. கொண்டுபோய் ஜன்னலில் வைத்தார். இவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு புது ஜோடியைப் பிரித்து, அதில் இடது கையுறையை மட்டும் எடுத்துக் கொடுத்தாராம்.

"வலது கைக்கு?" என்று சித்தப்பா கேட்டிருக்கிறார்.

"வலது கை பழசு எங்க?"

சித்தப்பா இதை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொல்வார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அப்போது என்னிடம் மீன் கிடையாது.

ரிடையர் ஆனதும் ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் லைனில் கடைசி வீட்டுக்கு வந்தார்கள், அவரும் புருஷனும். லைன் என்றால் சுரங்கம் ஓடிய காலத்தில் உள்ளே இறங்குகிறவர்களுக்காகக் கட்டிய வீட்டு வரிசை. என் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து ஷாஃப்டில் இறங்க வந்தவர். இவர்கள் திருச்சிப் பக்கம். புருஷன் டிப்ளமா படித்துவிட்டு வந்தவர். எங்கள் 'இன்னா'வைக் கேட்டால் ஸ்டோர்ஸம்மாவின் மூக்கு லேசாகச் சுருங்கும். முப்பது வருஷம் இங்கே தண்ணீர் குடித்தும் அந்தச் சுருக்கம் போகவில்லை.

வேலை போனாலும் ஜன்னல் அவரோடு வந்துவிட்டது. குக்கர் கேஸ்கெட் ஒன்று அவசரத்துக்குக் கேட்டுப் போனால், "பழசு எங்க?" என்று கையை நீட்டுவார். பழசைக் கொடுத்தால் உடனே புதுசு கொடுப்பார், அதையும் சொல்ல வேண்டும். வந்த இரண்டாம் வருஷம் புருஷன் செத்துப்போனார். அவருடைய கைத்தடி ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு அக்காவின் மாமனாருக்குக் கால் ஒடிந்தபோது அக்கா போய்க் கேட்டாள்.

"அவரோட பழைய தடி எங்க?"

"அவருக்கு ஏதும்மா தடி? இப்பத்தான காலு ஒடிஞ்சிகீது!"

தடி ஆணியிலேயே தொங்கியது. பெரியவர் ஒரு மாதம் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்.

இன்னொரு குணம் உண்டு, அதுதான் எல்லாவற்றுக்கும் வேர். 'என்கிட்ட இல்ல' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே கிடையாது. ஒரு தடவை சர்க்கரை வாங்கப் போனேன், கையில் எங்கள் காலி டப்பாவோடுதான். "இருக்கு. தர்றதுக்கில்ல" என்றார். அடுப்பு மேடையில் அவருடைய டப்பா துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் டம்ளரில் வெல்லம் போட்ட காபி. இல்லாதவள் என்ற பெயரைவிடக் கொடுக்காதவள் என்ற பெயர் அவருக்கு எவ்வளவோ மேல். அன்றைக்கு எனக்கு இது விளங்கவில்லை, கோபம்தான் வந்தது.

இனி மீனுக்கு வருகிறேன்.

அவர் வீட்டுப் பின்பக்கத்து வராந்தாவில் மிட்டாய் ஜாடிகள் வரிசையாக இருக்கும். ஜாடிக்கு ஒன்றாகச் சுண்டுவிரல் நீளத்தில் மீன். கில்லி மீன் என்று பெயர். ஆப்பிரிக்காவில் மழைக்குத் தேங்கும் குட்டையில் பிறந்து, குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து, சேற்றுக்குள் முட்டையைப் புதைத்துவிட்டுச் செத்துப்போகிற ஜாதி. குட்டை வற்றிய பிறகும் மண்ணுக்குள் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்த மழையில் பொரியும். வீட்டில் வளர்ப்பவர்கள் சேற்றுக்குப் பதிலாகத் தேங்காய் நார்த்தூளை ஒரு கிண்ணத்தில் போட்டுத் தண்ணீருக்குள் வைப்பார்கள். மீன் அதில் முட்டையிடும். அந்தத் தூளைப் பிழிந்து, ஈரம் போயும் போகாமலும் உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் கட்டி, தேதி எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் போதும். மூன்று மாதம் கழித்துத் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் குஞ்சு நீந்தும்.

எனக்குப் பெங்களூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. விடியும்போது மாரிகுப்பம் ரயிலைப் பிடித்தால் பொழுது சாயும்போதுதான் வீடு. நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்த மனிதர்களைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, அந்த வாலும் செதிலும் பெரிய ஆறுதலாக இருந்தது. ஸ்டோர்ஸம்மாவிடம் ஒரு மீன் கேட்டேன். முதல் மீனுக்குப் பழசு கேட்க மாட்டார். ஆனால் அது சாகும்போது தெரியும். எட்டு மாதம்தான் அதன் ஆயுசு. செத்ததைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். அவர் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, "சரியா இருக்கு" என்றுவிட்டு அடுத்ததைக் கொடுப்பார். குப்பையில் போட்டுவிட்டேன், பூனை தின்றுவிட்டது என்றெல்லாம் சொன்னால் கதை முடிந்தது. எதிர் வீட்டு அக்கா ஒரு தடவை பூனையையே தூக்கிக்கொண்டு போனாள். அப்போதும் கிடைக்கவில்லை.

மூன்று தீப்பெட்டி நான் கொண்டுபோயிருக்கிறேன். மூன்றாவது தடவைதான் உறைத்தது, முட்டையிடுகிற மீன் என் வீட்டில் மட்டும் ஏன் முட்டையிடுவதில்லை என்று. ஃபோனில் தேடிப் பார்த்தேன். நிறம் காட்டுகிறதெல்லாம் ஆண், பெண் மீன் சாம்பலும் பழுப்புமாக ஒரு அழகும் இல்லாமல் இருக்கும். லைன் முழுக்க எல்லார் வீட்டிலும் அழகழகான மீன்கள் இருந்தன. அவ்வளவும் ஆண்.

நேராகப் போய்க் கேட்டேன். "ஏம்மா, எல்லாருக்கும் ஆம்பள மீனாவே குடுத்துகினு கீறீங்களே. ஒரு பொண்ணு சேத்துக் குடுத்தா இன்னா?"

மறைக்கக்கூட இல்லை. "பொண்ண வெளிய விட்டா அவங்கவங்க வீட்லயே குஞ்சு பொரிச்சுக்குவாங்க. அப்புறம் ஸ்டோர்ஸ் எதுக்கு?" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கும் அவருக்கும் பகை. அதற்கு முன்னால் பிடிக்காது, அவ்வளவுதான்.

ரோஷம் வந்து சொந்தமாக முட்டை வரவழைத்தேன். கொச்சியில் ஒருவர், ஃபோனில் மட்டும் பழக்கம், கூரியரில் ஒரு பை நார்த்தூள் அனுப்பினார். ஸ்டோர்ஸம்மாவிடம் இருந்ததைவிட அழகான ஜாதி. நீல உடம்பு, ரத்தச் சிவப்பில் வால். தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலை, கண்ணுக்கு மட்டும் உயிர் வந்த மாதிரி இரண்டு புள்ளியோடு குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. அன்றைக்கு வண்டியை விட்டுவிட்டேன், வேலைக்கே போகவில்லை. கொசுப்புழு போட்டு வளர்த்தேன். ஆறு வாரத்தில் நாலு ஆணும் ஐந்து பெண்ணும் தேறின. கொச்சிக்காரர் ஒன்று சொன்னார்: "முதல் பை முட்டையைப் பக்கத்தில் யாருக்காவது கொடுத்து வை. உன் வீட்டில் ஏதாவது ஆனால் அங்கே இருக்கும். இந்த மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்."

பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கோலார் தங்கவயல் முழுக்கத் தேடினாலும் இந்த நார்த்தூள் பைத்தியம் இரண்டே பேருக்குத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பையை எடுத்துப் போனேன். அவர் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு நான் என்ன பழசு தரணும்?"

"ஒண்ணியும் வேணாம்மா. நாளைக்கி எங்க வீட்ல ஏதாச்சும் ஆயிட்டா இதுலேந்து திருப்பிக் குடுங்க. அது போதும்."

பையை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்தப் பூட்டுச் சத்தத்தையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்புறம் இரண்டு பை முட்டை சேர்த்தேன். கோடை தொடங்கும்போது பெரிய மீன்கள் ஒவ்வொன்றாக வயதாகிப் போய்ச் சேர்ந்தன. கவலைப்படவில்லை, அலமாரியில்தான் இரண்டு பை இருக்கிறதே. ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் அலமாரித் தட்டு காலி. அம்மா பூரிப்போடு நிற்கிறாள்.

"நாரு தூளு நல்லா மக்கிப் போயி கீதுடி. போன வாரமே ரோஜா தொட்டிக்கிப் போட்டுட்டேன். பாரு, எத்தினி மொக்கு!"

மொக்கு விட்டிருந்தது. சாணி எருவோடு சேர்த்துக் கிளறி, ஒரு வாரம் வெயிலில் வைத்து, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "தூளுக்கு எதுக்குடி அழுவுற? சும்னே ஒரு தட்டுல தூசி புடிச்சிகினு கெடந்துச்சி" என்றாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன? பையின் மேல் வெறும் தேதிதான் எழுதியிருந்தேன். உள்ளே உயிர் இருக்கிறது என்று எழுதவில்லை.

கொச்சிக்காரருக்கு ஃபோன் செய்தேன். அவரிடமும் அந்த ஜாதி தீர்ந்துவிட்டதாம். "அதற்குத்தானே ஒரு பை கொடுத்து வைக்கச் சொன்னேன். போய் வாங்கிக்கொள்" என்றார். இனி அந்தச் சிவப்பு வாலுக்கு எனக்கு ஒரே வழி, கடைசி வீடு.

விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். இடையில் ஒரு 'ஐயோ' கிடையாது. கடைசியில், "பழசு எங்க?" என்றார்.

"பழசு ரோஜா தொட்டியில கீதும்மா!"

"அப்ப தொட்டிய கொண்டா."

கொண்டுபோனேன். இடுப்பில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, முள் முகத்தில் கீற, லைன் முழுக்கப் பார்க்க நடந்தேன். பின்னாலேயே அம்மா, "என் ரோஜாவ ஏண்டி தூக்கிகினு போற?" என்று கத்திக்கொண்டு வந்தாள். ஸ்டோர்ஸம்மா தொட்டி ஓரத்தில் ஒரு விரல் விட்டுக் கிளறி, ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து லென்ஸில் பார்த்தார். இன்னொரு சிட்டிகை எடுத்தார். அதையும் பார்த்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"சரி. ரிட்டர்ன் எடுத்துக்கறேன். வச்சிட்டுப் போ."

உள்ளே போய் ஒரு பாட்டிலில் இரண்டு சின்ன மீன் கொண்டுவந்தார். நான் கொடுத்த பையில் பொரிந்தவை. ஒன்றில் நீலம் எட்டிப் பார்த்தது. மற்றது பழுப்பு. ஜோடிதான் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஜோடியா என்று நான் கேட்கவில்லை, ஜோடி என்று அவரும் சொல்லவில்லை. 'ரெண்டு' என்றுதான் சொன்னார்.

ஆறு வாரம் அந்த இரண்டையும் கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். பழுப்பு மீனின் வால் ஓரத்தில் ஒரு நாள் லேசாகச் சிவப்பு தெரிந்தது. மறுவாரம் வால் முழுக்கச் சிவப்பு. அதுவும் ஆண்தான், பெரியவனுக்குப் பயந்து நிறத்தை அடக்கி வைத்திருந்திருக்கிறது. இடது கைக்கு இடது கை.

கொதித்துப்போய் அவர் வீட்டுப் பின்பக்கமாகவே நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டது என் அம்மாவின் ரோஜாச் செடி. ஒரு எண்ணெய் டின்னில் நட்டிருந்தது. பக்கத்தில் எங்கள் தொட்டி, கழுவிக் கவிழ்த்து. அதற்கும் பக்கத்தில் ஒரு அகலமான பிளாஸ்டிக் டப். அதில் இருபதுக்கு மேல் மீன். நீலம் பாதி, பழுப்பு பாதி. பழுப்பின் வயிறு முட்டையால் உப்பியிருந்தது. ஜாடிகளைப் பார்த்தேன். ஒவ்வொரு ஜாடியிலும் நீலம், நீலம், நீலம். ஒன்றிலும் பெண் இல்லை.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நான் கொடுத்த பை அவரிடம் முழுக்க ஆணாகவே பொரிந்திருக்கிறது. அவருடைய பழைய ஜாதியிலும் பெண் அதற்குள் தீர்ந்துபோய், கடைசியில் மிச்சமிருந்த ஆண்களைத்தான் லைனுக்கு விநியோகம் செய்துகொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு லென்ஸில் அவர் பார்த்தது, சாணிக்கும் வெயிலுக்கும் தப்பி ரோஜா வேரடியில் உயிரோடு கிடந்த என் முட்டைகளை. பார்த்துவிட்டு என்னிடம் சொல்லாமல், தொட்டியை 'ரிட்டர்ன்' வாங்கிக்கொண்டார்.

"இது என் முட்டைம்மா" என்றேன்.

"பழசு உள்ள வந்தா அது ஸ்டோர்ஸ் சொத்து. மாத்துக்கு ரெண்டு வாங்கிட்டுத்தானே போன?"

"ரெண்டும் ஆணு! உங்ககிட்ட பொண்ணே இல்ல, அதான் தொட்டிய வாங்கி வச்சிகினீங்க. இல்லன்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தா நானே பாதி குடுத்திருப்பேனே?"

அவர் முகம் அப்போதுதான் மாறியது. கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி ஆனது. "இல்லங்கிற பேச்சு என்கிட்ட கிடையாது" என்றார்.

"சரி, இப்ப கீதே. ஒரு பொண்ணு குடுங்க."

"பொண்ணு வேணும்னா செத்த பொண்ண கொண்டா. இஷ்யூ பண்றேன்."

என்னிடம் செத்த பெண் மீன் எங்கே இருக்கிறது? கோடையில் செத்ததையெல்லாம் ஒழுங்காக மண்ணில் புதைத்துவிட்டேனே. அந்த நிமிஷம் அவரை அந்த டப்பிலேயே பிடித்து அமுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இதை எழுதும்போதும் அந்த எண்ணத்துக்காக வெட்கப்படவில்லை.

நாலு மாதம் கழித்து அவர் கண் ஆபரேஷனுக்குப் பங்காருபேட்டை போனார். மூன்று நாள். வீட்டுச் சாவியை எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்னோடு அத்தனை சண்டை நடந்தும் கொடுத்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் மீனுக்குப் புழு போடவும் அம்மாவை விட்டால் அவருக்கு ஆள் இல்லை. அம்மாவும் அதைச் சொன்னாள்: "நம்மள நம்பிக் குடுத்துட்டுப் போயிகீது. ஏதாச்சும் பண்ணி வைக்காத."

இரண்டாம் நாள் பட்டப்பகலில் போனேன். அலமாரிச் சாவி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும், லைனுக்கே தெரியும். பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ஒரே ஒரு பை, நல்ல கனம். மேலே ஒட்டிய காகிதத்தில் அவருடைய நிமிர்ந்த கையெழுத்தில் தேதி. அந்த டப்பில் இருந்த மீன்கள் இரண்டு மாதமாகப் போட்ட முட்டை அவ்வளவும் அதற்குள். டப் மீன்களுக்கு வயதாகி, முட்டையிடுவதும் நின்றுபோயிருந்தது. நாளைக்கு அவரிடம் இருக்கப்போவது இந்தப் பை மட்டும்தான். எனக்கு ரோஜா தொட்டிக்கு முன்னால் இருந்த நிலை.

பாதி எடுத்திருக்கலாம். பாதி எடுத்திருந்தால் அதற்குப் பெயர் நியாயம். நான் முழுசையும் எடுத்தேன். வெறும் நார்த்தூளை அதே மாதிரி ஒரு பையில் நிரப்பி, அவருடைய எழுத்தைப் போலவே தேதி எழுதி ஒட்டி, டின்னில் வைத்துவிட்டு வந்தேன். பேஷண்ட் பெயர் எழுதிப் பழகிய கை, அச்சு அசலாக வந்தது.

என் வீட்டில் முன்னறைக் கண்ணாடித் தொட்டியில் அதைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியபோது நூற்றுக்கு மேல் பொரிந்தது. ஆணும் பெண்ணும் சரிபாதி. பையில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிய்த்து அந்தத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டினேன். எந்தத் தேதியில் எடுத்த முட்டை என்று தெரிய வேண்டும், அதனால் பைக் காகிதம் தொட்டிக்குப் போவது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். அது யார் கையெழுத்து என்று அந்த நேரத்தில் யோசிக்கவே இல்லை.

டப் மீன்கள் எல்லாம் செத்துத் தீர்ந்த பிறகு அவர் தன்னுடைய பையைப் பிரித்ததை எங்கள் பின்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். புதுக் கண், புது லென்ஸ். சிட்டிகை சிட்டிகையாக முழுப் பையையும் பார்த்தார். தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் டப்பில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். பதினைந்து நாள் தினமும் காலையில் அந்தத் தெளிந்த தண்ணீருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். எனக்கு ஜில்லென்று இருந்தது. பொய் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

தீப்பெட்டியோடு போனவர்களுக்கெல்லாம் "இருக்கு. தர்றதுக்கில்ல" என்று பதில் வந்தது. பழசைக் கொடுத்தும் புதுசு வரவில்லை என்றதும் லைன் கொதித்தது. எதிர் வீட்டு அக்கா நடுத்தெருவில் நின்று கைத்தடிக் கதையிலிருந்து ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஸ்டோர்ஸம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். 'திருட்டுப் போய்விட்டது, என்னிடம் ஒன்றும் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் இரக்கப்பட்டிருப்பார்கள். சொல்லவில்லை.

நான் லைன் முழுக்க ஜோடி ஜோடியாகக் கொடுத்தேன். அவருக்குத் தெரியட்டும் என்றே கொடுத்தேன். அக்காவின் ஜோடியில் ஆண் சீக்கிரமே செத்துப்போய், பழக்கதோஷத்தில் தீப்பெட்டியோடு வந்து நின்றாள். "அது எனக்கு எதுக்குக்கா, தூக்கிப் போடுங்க" என்று சொல்லி வேறொன்று கொடுத்தேன். அப்படிச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டோர்ஸம்மா எங்கள் வீட்டுப் படியேறினார். யார் வீட்டுக்கும் போகாதவர். அம்மா பதறிப்போய், "வாங்கம்மா, வாங்க, குந்துங்க, காபி போடுறேன்" என்றாள். அவர் உட்காரவில்லை. புடவை மடிப்பிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, திறந்து, என் முன்னால் நீட்டினார்.

உள்ளே ஒரு ஆண் மீன். நீலம் வெளுத்து, வால் காய்ந்து சுருண்டிருந்தது. அவருடைய ஜாடிகளில் கடைசி.

"இன்னாம்மா இது?" என்று அம்மா கேட்டாள்.

"பழசு" என்றார்.

அவருடைய பார்வை என்னைத் தாண்டி முன்னறைத் தொட்டிக்குப் போனது. நீலமும் பழுப்புமாகக் கூட்டம் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. அப்புறம் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்துக்குப் போனது. தன் கையெழுத்தைப் படித்தார். இரண்டு தடவை படித்திருப்பார், அவ்வளவு நேரம் ஆனது. எனக்குக் காது சுட்டது. திருடி என்று கத்துவார், அம்மா முன்னால் கத்துவார், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று காத்திருந்தேன்.

அவர் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார். தீப்பெட்டி நீட்டியபடியே இருந்தது. 'என் முட்டையைத் திருடினாய்' என்று சொன்னால், 'என்னிடம் இல்லை' என்று சொன்னதாக ஆகிவிடும். அதை அவர் சொல்ல மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே ஒரு தடவை 'என்கிட்ட இல்ல' என்று அந்த வாய் சொல்லியிருந்தால் ஒரு ஜோடி என்ன, பாதித் தொட்டியையே கொடுத்திருப்பேன். இப்போதும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

வலையை எடுத்தேன். பெண் மீன்கள் வலைக்குப் பயப்படாமல் தாமாகவே வந்து நுழைந்தன. ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டு, ஒரு ஆணைத் தேடிப் பிடித்தேன். பாட்டிலில் விட்டு நீட்டினேன்.

தீப்பெட்டியை என் கையில் வைத்துவிட்டுப் பாட்டிலை வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை. அதில் இருந்ததை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. வேலை தெரிந்த ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார். படியிறங்கிப் போனார்.

"ஒரு பொண்ணு மீனு சேத்துக் குடுத்தா கொறஞ்சா பூடுவ?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் வலையைக் கழுவி மாட்டினேன். அடுத்த மாதமே மகன் வந்து அவரை ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போனான். மடியில் அந்தப் பாட்டிலை வைத்துக்கொண்டுதான் காரில் ஏறினாராம்.

லைனில் யார் கொண்டுவந்த தீப்பெட்டியையும் நான் வாங்கிக்கொண்டதில்லை. அந்த ஒன்றைத் தூக்கிப் போட மட்டும் கை வரவில்லை. அலமாரியில், முட்டைப் பைகளுக்குப் பக்கத்தில், இன்னும் வைத்திருக்கிறேன்.